வயதும் பொறுப்பும்: மூளை அறிவியலும் சட்டமும் நம் திருப்பணியும்

முன்னுரை

காதேசிலே இஸ்ரவேல் மக்கள் முறுமுறுத்த நிகழ்ச்சியை எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்று உரைக்கப்பட்ட தண்டனை எல்லார்மேலும் ஒருங்கே விழவில்லை. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளோர் வனாந்தரத்தில் மாள்வர். அவர்களுடைய பிள்ளைகளோ நாட்டினுள் செல்வர் என்று தீர்ப்பு அமைகிறது. உபாகமம் 1ஆம் அதிகாரம் இதனை நினைவுகூரும்போது, அப்பிள்ளைகள் அக்காலத்தில் நன்மை தீமை அறியாதிருந்தனர் என்னும் காரணத்தையும் சேர்த்துக் கூறுகிறது.

இருபது என்பது போருக்குச் செல்லத் தக்கவரை எண்ணுவதற்குக் குறிக்கப்பட்ட வயதாகும் (எண். 1:3). சமுதாயம் தன் வசதிக்காக வகுத்த எல்லை ஒன்று, இங்கே ஒழுக்கப் பொறுப்பின் எல்லையாகவும் நிற்பதைக் காண்கிறோம். பத்தொன்பது வயதினர் அனைவரும் அறியாதவரோ, இருபது வயதினர் அனைவரும் அறிந்தவரோ என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும். ஆயினும் எல்லையின்றிச் சட்டம் இயங்க இயலாது.

இக்காலச் சட்டங்களும் இவ்வாறே எல்லைகளை வகுக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளாக, இவ்வெல்லைகளைப் பற்றிய வழக்காடல்களில் மூளை அறிவியல் ஒரு சாட்சியாக அழைக்கப்பட்டு வருகிறது. இந்தச் சாட்சி எதனை உறுதியாகச் சொல்ல வல்லது, எதனைச் சொல்ல வல்லதன்று என்பதைக் குழந்தைப் பருவம், இளமை, முதுமை ஆகிய மூன்று பருவங்களிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிறுவர் இல்லங்களை நடத்துவோரும், இளைஞரைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்வோரும், முதியோரின் மரணப்படுக்கையருகே நிற்போருமாகிய நமக்கு இஃது அயலார் பொருளன்று.

1. மூளையின் வளர்ச்சி: அடிப்படைச் செய்திகள்

மனித மூளை பிறப்பிலேயே முழுமை பெற்றுவிடுவதில்லை. வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் மிகுதியாகத் தோன்றுகின்றன, பின்னர்ப் பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிவதால் செய்திகள் விரைந்து செல்லத் தொடங்குகின்றன. இவ்வளர்ச்சி மூளை முழுவதிலும் ஒரே சீராக நடைபெறுவதில்லை. காண்டல், அசைதல் முதலியவற்றுக்குரிய பகுதிகள் முன்னதாக முதிர்கின்றன. திட்டமிடல், உந்துதலை அடக்கல், பின்விளைவை எடைபோடல் ஆகியவற்றில் பெரும்பங்கு கொள்ளும் நெற்றிப்புறணியோ இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

இது ஊகமன்று. அமெரிக்க நாட்டுத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரே பிள்ளைகளின் மூளையை ஆண்டுகள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் காந்த அதிர்வு முறையில் படமெடுத்து, 1999ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். நெற்றிப்பகுதியின் சாம்பல் நிறப் பொருள் ஏறத்தாழ 11, 12 வயதில் உச்சத்தை எட்டி, அதன்பின் குறையத் தொடங்குகிறது என அவர்கள் கண்டனர். இளமைப் பருவம் மூளை மறுபடியும் சீரமைக்கப்படும் காலம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இருபத்தைந்தாம் வயதில் மூளை முதிர்ச்சி நிறைவெய்துகிறது என்று பரவலாகக் கூறப்படுகிறது. அவ்வாறு குறிப்பிட்ட ஒரு நாள் மூளையில் இல்லை. ஆய்வுகள் காட்டுவது பலருடைய சராசரிப் போக்கையே. ஒரே வயதுடைய இருவருக்கிடையே மிகுந்த வேறுபாடு இருத்தல் கூடும். இக்கட்டுரை முழுவதிலும் இந்த உண்மையை நினைவில் இருத்துதல் வேண்டும்.

2. குழந்தைப் பருவம்: புகாரெஸ்ட் தந்த பாடம்

ருமேனிய நாட்டில் 1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் வாழ்ந்து வந்தமை உலகிற்குத் தெரியவந்தது. உணவும் உடையும் ஓரளவு கிடைத்த இடங்களிற்கூட, தூக்கி அணைத்துப் பேசுவாரின்றி அக்குழந்தைகள் தொட்டிலிலேயே நாட்களைக் கழித்தனர்.

புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு, சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா என்னும் அறிஞர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். குழந்தைகளில் ஒரு பாதியினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர்; மறுபாதியினர் அந்நாட்டு வழக்கப்படியான பராமரிப்பிலேயே தொடர்ந்தனர். யார் எப்பாதியில் சேர்வது என்பது சீட்டுப் போடுவது போன்ற முறையில் முடிவாயிற்று. இல்லத்தில் விடப்பட்ட பாதியினருக்கு இழைக்கப்பட்டது நீதிதானா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. அவர்களுள் எவரையும் அரசு எப்போது வேண்டுமாயினும் குடும்பத்தில் சேர்க்கலாம், ஆய்வு அதற்குத் தடையாகாது என்பது ஆய்வாளர் ஏற்ற நிபந்தனை.

முடிவுகள் தெளிவாயிருந்தன. குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகள் அறிவுத்திறனிலும் பற்றுறவிலும் முன்னேறினர். இரண்டு வயதிற்குமுன் குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர்களுடைய மூளை மின்னலைகள் எட்டு வயதில், இல்லத்தையே காணாத பிள்ளைகளுடையவற்றை ஒத்திருந்தன. தாமதித்துச் சேர்ந்தோரிடம் அவ்வளவு மீட்சி காணப்படவில்லை. ருமேனியா 2004ஆம் ஆண்டு இயற்றிய குழந்தைகள் உரிமைச் சட்டம், கடுமையான ஊனமுற்றோர் தவிர இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது.

இச்செய்தி நம் நெஞ்சைத் தொடவேண்டும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின்போது மிஷனரிமார் நம் நாட்டில் அநாதை இல்லங்களை நிறுவி, சாகவிருந்த பிள்ளைகளைக் காத்தனர். அத்தொண்டினை நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் பஞ்ச காலத்திற்கு ஏற்ற ஏற்பாடு எக்காலத்திற்கும் ஏற்றதாகிவிடாது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது வேறு வழியில்லாதபோது கைக்கொள்ளும் கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. தாயோ தந்தையோ உயிருடன் இருக்க, வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையை நம் விடுதியில் சேர்க்கும்போது, அக்குடும்பத்திற்கு அதே பணத்தைக் கொடுத்துத் தாங்கியிருக்கலாகாதா என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். நன்கொடையாளருக்குக் கட்டடத்தைக் காட்டுவது எளிது. தாங்கப்பட்ட குடும்பத்தைக் காட்டுவது அரிது. அக்காரணத்திற்காகக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தல் தகாது.

3. இளமைப் பருவம்: அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகள்

மூளை அறிவியல் சட்டத்தோடு மிக வெளிப்படையாகச் சந்தித்த இடம் அமெரிக்க உச்சநீதிமன்றமாகும். 1989ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் 16, 17 வயதில் கொலை செய்தோருக்கு மரண தண்டனை விதித்தலை அனுமதித்தது. பதினாறு ஆண்டுகளுக்குப்பின், 2005ஆம் ஆண்டு ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் என்னும் வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அதே நீதிமன்றம் அதனை மாற்றியது. பதினெட்டு வயதிற்குமுன் செய்த குற்றத்திற்கு மரண தண்டனை விதித்தல் அரசியலமைப்பிற்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று. இளையோர் முதிர்ச்சியின்றிப் பொறுப்பற்றுச் செயற்படுகின்றனர். பிறருடைய தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படுகின்றனர். அவர்களுடைய குணம் இன்னும் உருப்பெறவில்லை என்னும் மூன்று காரணங்களை நீதிபதி கென்னடி எடுத்துரைத்தார். மருத்துவச் சங்கங்களும் உளவியல் சங்கமும் நீதிமன்றத்திற்கு அளித்த விளக்கங்கள் இவற்றுக்கு ஆதரவாய் இருந்தன.

இதனைத் தொடர்ந்து 2010ஆம் ஆண்டு, கொலையல்லாத குற்றங்களுக்கு இளையோரை விடுதலைக்கு வழியின்றி வாழ்நாள் முழுதும் சிறையிலடைத்தல் தடுக்கப்பட்டது. அத்தீர்ப்பில் மூளை அறிவியல் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. 2012ஆம் ஆண்டு மில்லர் எதிர் அலபாமா வழக்கில், கொலைக்குற்றத்திற்கும் அத்தண்டனையைக் கட்டாயமாக விதித்தல் கூடாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. எனினும் சீர்ப்படவே இயலாத அளவு கெட்டுப்போன அரிதான இளைஞன் ஒருவனுக்கு அதனை விதிக்கலாம் என்று அத்தீர்ப்பு இடமளித்தது. 2021ஆம் ஆண்டு வேறொரு வழக்கிலோ, அவன் சீர்ப்பட இயலாதவன் என்று நீதிபதி தனியே கண்டறிந்து கூறவேண்டிய தேவையில்லை என்று அதே நீதிமன்றம் உரைத்தது.

இங்கே அறிவியலின் எல்லையைக் காண்கிறோம். பதினைந்து வயதினரின் மூளை பொதுவாக முதிராதது என்று அறிவியல் உறுதியாகக் கூறும். இந்தப் பதினைந்து வயதினன் ஒருக்காலும் மாறமாட்டான் என்று கூற அதற்கு வகையில்லை. எந்தப் படமும் அதனைக் காட்டாது. கூட்டத்தைப் பற்றிய அறிவு தனியொருவனைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது.

4. ஒரே அறிவியல், இரு முடிவுகள்

ரோப்பர் வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்புரைத்த நீதிபதி ஸ்காலியா ஒரு கூரிய கேள்வியை எழுப்பினார். 1990ஆம் ஆண்டு வேறு வழக்கொன்றில் இதே உளவியல் சங்கம், வளரிளம் பெண்கள் கருக்கலைப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் முதிர்ச்சி உடையவர் என்று வாதிட்டிருந்தது. ஓர் இடத்தில் முதிர்ந்தவர் என்றும், மற்றோரிடத்தில் முதிராதவர் என்றும் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்னும் உளவியலறிஞரும் உடனாய்வாளரும் 2009ஆம் ஆண்டு விடை கூறினர். அமைதியான சூழலில், பிறரோடு கலந்து, நேரமெடுத்துச் சிந்திக்கும் ஆற்றல் ஏறத்தாழப் பதினாறு வயதில் பெரியவர்களின் நிலையை எட்டுகிறது. ஆனால் கோபமும் அச்சமும் தோழர் கூட்டமும் சூழ்ந்த நொடியில் தன்னை அடக்கும் ஆற்றல் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே முதிர்கிறது. ஸ்டைன்பர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், தோழர் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் தனித்திருந்ததைவிட மிகுதியாக ஆபத்தை மேற்கொண்டனர். 24 வயதைக் கடந்தோரிடம் தோழரால் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை.

இவ்விளக்கம் கருக்கலைப்பைப் பற்றிய ஒழுக்கக் கேள்வியைத் தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒருவருக்கு முடிவு செய்யும் ஆற்றல் உண்டா என்பது வேறு. அம்முடிவு நன்றா என்பது வேறு. முன்னதற்கே அறிவியல் சாட்சி பகரும்.

5. இந்தியச் சட்டத்தில் இக்கேள்வி

நம் நாட்டில் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. ஏழிற்கும் பன்னிரண்டிற்கும் இடைப்பட்ட குழந்தை, தன் செயலின் இயல்பையும் விளைவையும் அறியும் முதிர்ச்சி இல்லாதிருந்தால் குற்றவாளியாகாது. பழைய தண்டனைச் சட்டத்தின் இவ்விதிகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வருவர்.

2012 டிசம்பரில் தில்லியில் இளம்பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையில் ஈடுபட்டோருள் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பாதவன். அதன்பின் எழுந்த கொந்தளிப்பை நாம் அறிவோம். வயது எல்லையைக் குறைக்கவேண்டும் என்ற மனுக்களை 2013ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. இதன்படி, 16 முதல் 18 வயதிற்குட்பட்ட ஒருவர் கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் முதனிலை மதிப்பீடு செய்யவேண்டும். குற்றத்தைச் செய்வதற்கான மன, உடல் ஆற்றல், அதன் விளைவை உணரும் திறன், அது நிகழ்ந்த சூழ்நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, அவரைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவு செய்யும். எனினும் அவ்வாறு விசாரிக்கப்பட்டவருக்கும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியற்ற வாழ்நாள் சிறையோ விதித்தலாகாது என்று அதே சட்டம் காவலிட்டிருக்கிறது.

முன்கூறிய ஆய்வின் ஒளியில் இதனை நோக்குவோம். குற்றம் நிகழ்ந்து வாரங்கள் கழிந்தபின், அமைதியான ஓர் அறையில், உளவியலறிஞர் முன்னே இளைஞன் அமர்ந்திருக்கிறான். கொலை தவறென்று தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்கிறான். கேள்விகளுக்குத் தெளிவாக விடை தருகிறான். இத்தேர்வு அளப்பது பதினாறு வயதில் முதிரும் ஆற்றலை. குற்றம் நிகழ்ந்த நொடியில் தேவைப்பட்டதோ இன்னும் முதிராத ஆற்றல். சென்ற நொடியின் மனத்தைப் பின்னோக்கி அளக்கும் கருவி ஏதுமில்லை. 2022ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இம்மதிப்பீடு மிக நுட்பமான பணி என்று எடுத்துரைத்து, குழும உறுப்பினருள் குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ தேர்ந்தவர் இல்லாதவிடத்து வல்லுநர் உதவியைப் பெறுதல் கட்டாயம் எனக் கூறியது. இது நல்ல காவலே. ஆயினும் வல்லுநரும் அறிவியல் தராத விடையைத் தர இயலாது.

பாதிக்கப்பட்ட குடும்பத்தின் துயரத்தை இதனால் நாம் சிறிதாக எண்ணிவிடலாகாது. கொலையுண்ட மகளுக்காக அழும் தாயிடம் சென்று நெற்றிப்புறணியைப் பற்றிப் பேசுகிறவன் ஆயனல்லன். அவளுடைய இழப்பு முழுமையான இழப்பு; கொன்றவனின் வயது அதனைக் குறைக்காது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்தி நிற்பதே நம் பணியின் கடினம்.

6. முதுமை: அறிவு குன்றுதலும் மதிப்பும்

வாழ்வின் மறுமுனையிலும் இதே கேள்வி எழுகிறது. முதுமையில் சிந்தனையின் வேகம் பொதுவாகக் குறைகிறது. சொல்வளமும் பட்டறிவும் பெரும்பாலும் நிலைக்கின்றன. மறதிநோய் என்பது இயல்பான முதுமையன்று, அது நோய். 2019ஆம் ஆண்டு மாடிசன் எதிர் அலபாமா வழக்கில், பக்கவாதத் தாக்குதல்களால் மறதிநோயுற்றுத் தன் குற்றத்தையே நினைவுகூர இயலாதிருந்த மரண தண்டனைக் கைதி ஒருவரைப்பற்றி அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது. குற்றத்தை மறந்தமை மட்டும் தண்டனையைத் தடுக்காது. ஆனால் தான் ஏன் தண்டிக்கப்படுகிறான் என்பதை அறிவுபூர்வமாக உணர இயலாதவனைக் கொல்லுதல் கூடாது. அந்நிலை மறதிநோயால் விளைந்ததாயினும் அவ்வாறே என்று அது கூறியது.

நமக்கு இன்னும் அண்மையானது விருப்ப ஆவணம். இந்தியக் கிறிஸ்தவருக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, தெளிந்த மனமுடைய வயதுவந்தோர் உயில் எழுதலாம் என்கிறது. மனநோயுற்றவரும் தெளிவு வாய்த்த இடைவேளையில் எழுதலாம் என்று அது விளக்குகிறது. நோயின் பெயர் ஒருவருடைய உரிமையைப் பறிப்பதில்லை. அந்நேரத்தில் அவர் தாம் செய்வதை அறிந்தாரா என்பதே கேள்வி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சிகிச்சையைப் பற்றி இதே நெறியைக் கொண்டுள்ளது.

அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, நெருங்கிய உறவினருள்ள கிறிஸ்தவர் மரணத்திற்குச் சற்று முன்னர் அறப்பணிக்கும் சமயப்பணிக்கும் சொத்து எழுதிவைப்பதைக் கட்டுப்படுத்தியிருந்தது. இது கிறிஸ்தவருக்கு மட்டும் பாரபட்சம் காட்டுவதென 2003ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. நீக்கப்பட்டது நன்று. ஆனால் அப்பிரிவின் பின்னணியில் இருந்த அச்சம், அஃதாவது மரணப்படுக்கையில் தளர்ந்த மனத்தைச் சமயப் பணியாளர் வளைத்துவிடுவர் என்னும் அச்சம், முற்றிலும் ஆதாரமற்றதென நாம் மார்தட்டலாமா? சட்டம் எடுத்துவிட்ட காவலை இனி நம் மனச்சாட்சியே ஏற்கவேண்டும். சபைக்கோ நமக்கோ பயன் தரும் உயிலுக்கு ஆயர் சாட்சிக் கையொப்பமிடாதிருத்தலும், மருத்துவர் ஒருவர் உடனிருக்கச் செய்தலும் தகும்.

இவ்விடத்தில் கீலேயாத்தியனாகிய பர்சிலாவை நினைக்கிறோம் (2 சாமு. 19). எண்பது வயதில், நன்மை தீமையைப் பகுத்தறியவும், உணவைச் சுவைக்கவும் தன்னால் இயலுமோ என்று அவன் தாவீதிடம் சொல்கிறான். ஆயினும் எருசலேம் செல்லாது தன் ஊரிலேயே மரிக்க அவனே முடிவு செய்கிறான். தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்புகிறான். தன் குறையைத் தானே அறிந்து சொல்வதிலும் ஒரு தெளிவு உண்டு. அரசன் அவன் விருப்பத்தை மதித்து, முத்தமிட்டு, வாழ்த்தி அனுப்புகிறான்.

7. இறையியல் நோக்கு

இரண்டு தவறுகளிலிருந்து நாம் விலகவேண்டும். முதலாவது, மூளையே மனிதன் என்று கொள்வது. குற்றம் முழுவதும் மூளையின் விளைவே எனின், மன்னிப்பிற்கும் மனந்திரும்புதலுக்கும் இடமில்லாது போகும். குற்றமற்றவனுக்கு மன்னிப்பு எதற்கு? இளைஞன் குறைந்த அளவு பொறுப்புடையவன் என்று சொல்வது அவனுக்குப் பொறுப்பே இல்லை என்பதன்று. நியாயசாஸ்திரிகளும் மருத்துவரும் மறந்தாலும் இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது தவறு, பாவம் பாவமே, வயது எதற்கு என்று அறிவியலைப் புறக்கணிப்பது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமையில், எஜமானின் சித்தத்தை அறிந்து செய்யாத ஊழியனும், அறியாமற் செய்த ஊழியனும் ஒரே அளவு அடி பெறுவதில்லை. இருவரும் கணக்குக் கொடுக்கவேண்டியவர்களே; ஆனால் அளவு வேறு. பொறுப்பில் அளவு உண்டு என்பதைச் சட்டம் கற்பதற்குமுன்னரே திருச்சபை கேட்டிருக்கிறது.

தேவ சாயல் நெற்றிப்புறணியின் முதிர்ச்சியைப் பொறுத்ததன்று. இணைப்புகள் தோன்றிவரும் குழந்தையும், அவை சிதைந்துவரும் முதியவரும் அதனை ஒரே அளவில் பெற்றுள்ளனர். பொறுப்பின் அளவு வயதோடு ஏறி இறங்கலாம். மனித மாண்பு ஏறி இறங்குவதில்லை. சட்டம் இவ்விரண்டையும் குழப்பும்போது, அறிவு குறைந்தவரைத் தாழ்ந்தவராகவே நடத்தத் தொடங்குகிறது.

முடிவுரை

மூளை அறிவியல் இதுவரை நீதிமன்றங்களில் பெரும்பாலும் இரக்கத்தின் பக்கம் நின்று பேசியுள்ளது. எப்போதும் அவ்வாறே பேசும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு சிறுவனின் மூளைப்படத்தைக் காட்டி, இவன் பிற்காலத்தில் ஆபத்தானவன், இப்போதே அடைத்துவையுங்கள் என்று வாதிடுவோரும் எழக்கூடும். அன்று நாம் சொல்லவேண்டிய விடையை இன்றே கற்றுவைத்தல் நலம். அறிவியல் ஒருவனுடைய குற்றத்தின் அளவை உணர உதவும். அவனுடைய எதிர்காலத்தை மூடும் அதிகாரம் அதற்கில்லை.

இறையியல் மாணவர்கள் தம் பயிற்சிக் காலத்திலேயே அருகிலுள்ள கூர்நோக்கு இல்லத்தை ஒருமுறையேனும் முறையான அனுமதியுடன் சென்று காண்பது நன்று. ஆயர்கள், திடப்படுத்தல் வகுப்பில் கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்லும் இளைஞன், தெருமுனையில் தோழர் நடுவே நிற்கும்போதும் அவ்வாறே இருப்பான் என எண்ணிவிடாமல், அங்கேயும் அவனைச் சந்திப்பாராக. அவன் தவறியபின் சபைக் குழு கூடும்போது, அவன் வயதைச் சொல்லி அவனுக்காகப் பேசும் ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அந்த ஒருவர் நாமாகவே இருப்போமாக.